புதிதாக வாங்கிய அலங்கார மீன்களை வீட்டுத் தொட்டியிற் பழக்குதல்

அலங்கார மீன் வளர்ப்பு நகரத்தாரின் பொழுதுபோக்கு மாத்திரமன்று. மாத்தளை, உக்குவளை, ரத்தோட்டை, நாவுல, கலேவெல, தம்புள்ளை ஆகிய பகுதிகளிற் கமஞ் செய்வோர் வீடுகளிலும் முன்கூடத்திற் கண்ணாடித் தொட்டியோ, கிணற்றடியிற் சீமெந்துத் தொட்டியோ இருத்தல் புதுமையன்று. சில வீடுகளில் அது பிள்ளைகளின் விருப்பத்துக்காக அமைந்தது. வேறு சிலவற்றிற் கப்பி, மொலி, வாள்வால் மீன் முதலியவற்றைப் பெருக்கி விற்று, ஒரு போக அறுவடைக்கும் அடுத்த விதைப்புக்கும் இடைப்பட்ட நாட்களிற் கைச்செலவுக்குச் சிறிது பணந் தேடும் எண்ணத்துடன் அமைந்தது. நோக்கம் எதுவாயினும் முதற் கிழமையில் நேரும் நட்டம் ஒரே வகையானது. கடையில் உற்சாகமாக நீந்திய மீன் வீட்டுக்கு வந்த மறுநாள் மூலையில் ஒதுங்கி நிற்கும். மூன்றாம் நாள் நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடும். ஐந்தாம் நாள் இறந்து மிதக்கும். விற்பனைக்காரர் நோயுற்ற மீனை விற்றுவிட்டார் என்று சிலரும், நாவூறு பட்டதென்று சிலரும் கூறுவர். மிகப் பல வேளைகளிற் காரணம் இவ்விரண்டுமன்று. மீன் வந்து சேர்ந்த நீரே காரணம்.

நெற்செய்கையாளருக்கு இதை விளக்குதல் எளிது. நாற்றுமேடையிலிருந்து பிடுங்கி நட்ட நாற்று சில நாட்கள் மஞ்சளித்து நின்று, புதிய வேர் விட்ட பின்னரே பச்சை பிடிக்கின்றது. தக்காளி நாற்றை நடுவதற்கு முன் பந்தலைச் சிறிது சிறிதாக நீக்கி வெயிலுக்குப் பழக்குகின்றோம். பயிருக்கு மண் எப்படியோ மீனுக்கு நீர் அப்படி. உண்மையில் அதனினும் நெருக்கமானது. மீனின் இரத்தத்துக்கும் வெளி நீருக்கும் இடையிற் பூக்களின் மெல்லிய தோல் ஒன்றே தடையாக உள்ளது. நன்னீர் மீனின் உடலிலுள்ள உப்பு வெளி நீரில் உள்ளதைவிட மிகுதி. ஆகையால் நீர் ஓயாது உட்புகுந்துகொண்டேயிருக்கும், அதனைச் சிறுநீரகம் ஓயாது வெளியேற்றிக்கொண்டேயிருக்கும். நீரின் வெப்பம், உப்புச் செறிவு, பி.எச். பெறுமானம் ஆகியவை திடீரென மாறினால் இந்த ஒழுங்கு குலைகின்றது. மீன் உடனே இறவாதிருக்கலாம். ஆனால் நோயை எதிர்க்கும் வலிமையை இழந்துவிடும்.

மீன் வாங்குவோர் கடையில் முதலிற் கேட்பது, என்ன உணவு கொடுக்கலாம் என்பதே. அதற்கு முன் வீட்டிலே ஆயத்தமான நீர் உண்டா என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளுதல் வேண்டும். தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் வாங்கி, அன்று மாலையே நீர் நிரப்பி மீனை விடுவது, உழாத வயலில் நாற்று நடுவதற்கு ஒப்பானது.

தொட்டியும் நீரும்

கண்ணாடித் தொட்டியாயின் 2 அடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உடையது தொடக்கத்துக்குப் போதும். அது ஏறத்தாழ 50 லீற்றர் நீர் கொள்ளும். பார்வைக்கு அழகாயிருக்கின்றதென்று உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்திற் பொன்மீனை இட்டு வளர்ப்பது மீனுக்குச் செய்யும் கொடுமை என்றே கூறல் வேண்டும். பொன்மீன் அரை அடிக்கு மேலும் வளரக்கூடியது, மிகுதியாகக் கழிப்பது. கிண்ணத்து நீர் அதற்கு இரண்டு நாளுக்கும் போதாது.

சீமெந்துத் தொட்டி கட்டுவோர் மற்றொன்றை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். புதுச் சீமெந்திலிருந்து சுண்ணாம்பு கரைந்து நீரின் பி.எச். பெறுமானத்தை 9க்கு மேல் உயர்த்திவிடும். அந்நீரில் மீன் பிழைக்காது. தொட்டியை நிரப்பி, வாழைக்குற்றியைத் துண்டுதுண்டாக வெட்டி அதில் இட்டு ஒரு கிழமை ஊறவிட்டு, பின் நீரை முற்றாக வெளியேற்றித் தேய்த்துக் கழுவுதல் நம்மவரிடையே வழங்கும் முறை. இதனை மூன்று நான்கு தடவை செய்தல் நன்று. விவசாய உத்தியோகத்தர் மண்ணைச் சோதிக்கும் பி.எச். தாளினாலேயே நீரையும் சோதித்துப் பார்க்கலாம். பெறுமானம் 8க்குக் கீழே வந்து அங்கேயே நின்ற பின்னரே மீனைப் பற்றி நினைத்தல் தகும்.

கிணற்று நீர் நல்லது. ஆயினும் அள்ளிய உடனே பயன்படுத்தலாகாது. ஆழத்து நீரில் ஒட்சிசன் குறைவாகவும் காபனீரொட்சைட்டு மிகுதியாகவும் இருத்தலுண்டு. வாளியிலிருந்து வாளிக்கு உயரத்திலிருந்து பல முறை ஊற்றி, ஓரிரவு திறந்து வைத்தால் அது சீராகும். குழாய் நீரில் நுண்ணுயிர்களை அழிக்கக் குளோரீன் சேர்க்கப்படுகின்றது. மனிதருக்கு நலந் தரும் அதே குளோரீன் மீனின் பூக்களை எரித்துவிடும். வாயகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் முதல் இரண்டு நாள் வரை திறந்து வைத்தால் குளோரீன் வெளியேறும். அவசரமாயின் மீன் கடைகளில் விற்கும் குளோரீன் நீக்கியை, போத்தலிற் குறித்த அளவுப்படி சேர்க்கலாம்.

மாத்தளை மாவட்டத்தின் நீர் எங்கும் ஒரே தன்மையானதன்று. பசளையோடு சேர்த்து நிலத்துக்கு இடும் தொலமைற்று இம்மாவட்டத்துச் சுண்ணக்கற் பாறைகளிலிருந்தே வெட்டியெடுக்கப்படுகின்றது என்பதைப் பலரும் அறிவர். அப்பாறை ஓடும் இடங்களிலும், தம்புள்ளை, கலேவெலப் பக்கத்து வரண்ட நிலங்களிலும் கிணற்று நீர் வன்னீராயிருத்தலுண்டு. மலைப்பக்கத்து ஓடை நீர் பெரும்பாலும் மென்னீர். இதனை அறிய ஆய்வுகூடம் வேண்டியதில்லை. தேநீருக்கு நீர் கொதிக்கவைக்கும் கேத்தலின் அடியில் வெண்படிவு தடிப்பாகப் பிடிக்குமாயின் அது வன்னீர். சவர்க்காரம் எளிதில் நுரைக்குமாயின் மென்னீர். வன்னீர் உள்ள வீட்டில் கப்பி, மொலி, வாள்வால் மீன், பிளெற்றி ஆகிய குட்டியீனும் மீன்கள் நன்கு செழிக்கும். வீட்டு நீரை மாற்ற மருந்து தேடுவதைவிட வீட்டு நீருக்கு ஏற்ற மீனைத் தேடுவது சிக்கனமானது. மண்ணுக்கேற்ற பயிரைத் தேர்வதும் இவ்வாறே.

கண்ணுக்குத் தெரியாத நஞ்சு

தெளிந்த நீரிலே மீன் இறப்பது பலருக்கும் விளங்காத புதிர். இதன் விடை கமக்காரர் நாள்தோறும் கையாளும் யூரியாவில் இருக்கின்றது. மண்ணில் இட்ட யூரியா முதலில் அமோனியாவாக மாறுகின்றது. காற்றோட்டமுள்ள மண்ணிலுள்ள பற்றீரியாக்கள் அந்த அமோனியாவை நைத்திரைற்றாகவும், வேறு பற்றீரியாக்கள் அதனை நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. பயிர் அதனை உறிஞ்சுகின்றது. மீன் தொட்டியிலும் இதுவே நடைபெறுகின்றது. மீன் தன் பூக்கள் வழியாக அமோனியாவை ஓயாது வெளிவிடுகின்றது. அதன் எச்சமும் உண்ணாது கிடக்கும் உணவும் அழுகி மேலும் அமோனியாவைத் தருகின்றன. அமோனியா மீனுக்குக் கொடிய நஞ்சு. நைத்திரைற்றும் நஞ்சே, அது இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுக்கின்றது. நைத்திரேற்று ஓரளவு வரை தீங்கற்றது.

இவற்றை மாற்றும் பற்றீரியாக்கள் பழைய தொட்டியின் மணலிலும் வடிகட்டியின் பஞ்சிலும் கூடியிருக்கும். புதுத் தொட்டியில் அவை இல்லை. அவை பெருகி நிலைபெற நான்கு முதல் ஆறு கிழமை வரை ஆகும். புதுத் தொட்டியில் முதல் நாளே இருபது மீன்களை விட்டவர், ஐந்தாம் நாள் அவற்றை இழப்பதன் காரணம் இதுவே. நீர் பளிங்கு போலத்தான் இருக்கும், நஞ்சுக்கு நிறமில்லை.

நீரின் பி.எச். உயர உயர அமோனியாவின் நச்சுத் தன்மை பெருகும். வெப்பம் 25 பாகை செல்சியசாக இருக்கும்போது, பி.எச். 7ல் மொத்த அமோனியாவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவானதே நச்சு வடிவில் இருக்கும். 8ல் அது நூற்றில் ஐந்து பங்காகும். 9ல் மூன்றில் ஒரு பங்கைக் கடந்துவிடும். சுண்ணாம்பு ஊறும் புதுச் சீமெந்துத் தொட்டி மீனுக்கு இருமடங்கு ஆபத்தானது என்பது இதனால் விளங்கும்.

இதற்கு வழி இரண்டு. பொறுமையுள்ளவர், மீன் இல்லாத தொட்டியில் வடிகட்டியை இயக்கி, நாளொன்றுக்கு ஒரு சிட்டிகை மீன் உணவை இட்டு நான்கு ஐந்து கிழமை காத்திருக்கலாம். அழுகும் உணவு பற்றீரியாக்களுக்கு இரையாகும். அவ்வளவு பொறுக்க இயலாதவர், 50 லீற்றர் தொட்டியில் மூன்று நான்கு கப்பிகளை மாத்திரம் விட்டு, இரண்டு நாளுக்கொருமுறை நீரிற் காற்பங்கை மாற்றி வரலாம். ஆறு கிழமை கழிந்த பின் மேலும் ஆறேழு மீன்களைச் சேர்க்கலாம். நம்பிக்கையான அயலவரின், நோயில்லாத பழைய தொட்டியிலிருந்து வடிகட்டிப் பஞ்சிற் பாதியை வாங்கி வந்து பொருத்தினால் காலம் வெகுவாகக் குறையும். அதனை ஈரங் காயாது கொண்டுவருதல் வேண்டும். அப்பஞ்சைக் குழாய் நீரிற் கழுவினால் பற்றீரியாக்கள் இறந்து, செய்த வேலை வீணாகும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுக. குளத்தில் வளரும் வேலம்பாசியும் அமோனியாவை உறிஞ்சி உதவும். ஆனால் வயலுக்கு மருந்து தெளிக்கும் இடத்தை அடுத்த வாய்க்காலிலிருந்து அதனை எடுக்கலாகாது.

கடையிலிருந்து வீடு வரை

மீன் வாங்கும்போது அத்தொட்டியிலுள்ள எல்லா மீன்களையும் பார்த்தல் வேண்டும். வாங்க எண்ணிய மீன் நலமாயிருந்தும், அதே நீரில் இறந்த மீன் ஒன்று கிடந்தாலோ, உடலில் உப்புத் தூள் தூவினாற்போல வெண்புள்ளி கொண்ட மீன் ஒன்று நீந்தினாலோ, அத்தொட்டியிலிருந்து எதையும் வாங்கலாகாது. செட்டையை உடலோடு ஒட்டி மடித்து நிற்கும் மீனும் வேண்டாம். எவ்வளவு நாளாக அந்த மீன் கடையில் இருக்கின்றது என்று கேட்டறிதல் பயனுள்ளது. நேற்று வந்த மீன் ஒரு பயணத்தின் களைப்பு ஆறுமுன்னரே அடுத்த பயணத்துக்கு ஆளாகின்றது.

பொலித்தீன் பையில் மூன்றிலொரு பங்கு நீரும் மிகுதி ஒட்சிசனும் இருத்தல் முறை. நீர் மிகுந்தால் நல்லதென்று எண்ணிப் பையை நிரப்பச் சொல்வது தவறு. பையைப் பழைய பத்திரிகைத் தாளிற் சுற்றி, கூடையிலோ றெஜிபோம் பெட்டியிலோ வைத்து எடுத்துச் செல்லுக. இருள் மீனை அமைதிப்படுத்தும். பேருந்தின் முன்பக்கத்து இயந்திரப் பெட்டியின் மேலும், மோட்டார்ச் சைக்கிளின் கைபிடியிலும் தொங்கவிட்டுக் கொண்டுவரும் மீன், வீடு சேர்வதற்கு முன்பே பாதி இறந்த மீனாகும்.

தொட்டியில் விடும் முறை

தம்புள்ளையிலுள்ள அரசாங்க மீன் வளர்ப்பு நிலையத்திலிருந்து கொண்டுவரும் மீன்குஞ்சுகளைக் கிராமக் குளங்களில் விடுவதைப் பார்த்திருப்போர், பைகளை அவிழ்த்தவுடன் குஞ்சுகளைக் கொட்டுவதில்லை என்பதைக் கவனித்திருப்பர். பை முதலிற் குளத்தில் மிதக்கவிடப்படும். பின் குளத்து நீர் சிறிது சிறிதாகப் பையினுள் விடப்படும். இறுதியிற் குஞ்சுகள் தாமாகவே நீந்தி வெளியேறும். வீட்டுத் தொட்டிக்கும் முறை அதுவே.

கட்டவிழ்க்காத பையைத் தொட்டி நீரில் பதினைந்து முதல் இருபது நிமிடம் வரை மிதக்கவிடுக. இதனால் இரு நீரின் வெப்பமும் ஒன்றாகும். சமநிலத்துக் கடையிலிருந்து ரத்தோட்டைக்கு மேலுள்ள மலைக் கிராமமொன்றுக்குக் கொண்டுவந்த மீனுக்கு இந்த வெப்ப வேறுபாடு சிறிதன்று. பையில் வெயில் படவிடலாகாது. மூடிய பையின் நீர் வெயிலில் விரைவாகச் சூடேறும். தொட்டியின் மின்விளக்கையும் அணைத்து வைக்கவும்.

அடுத்துச் செய்வது பயண நேரத்தைப் பொறுத்தது. ஒரு மணி, இரண்டு மணி நேரத்துள் வந்த மீனாயின், பையின் வாயைத் திறந்து விளிம்பைச் சுருட்டி மிதக்கவிட்டு, ஐந்து நிமிடத்துக்கொரு தடவை அரைக் கோப்பை தொட்டி நீரைச் சேர்த்து வருக. அரை மணி நேரத்திற் பையின் நீர் இருமடங்காகும். அதன்பின் சிறு வலையால் மீனை எடுத்துத் தொட்டியில் விடுக.

கொழும்பிலிருந்தோ வேறு தூர இடத்திலிருந்தோ அரை நாளுக்கு மேல் பையிற் கிடந்த மீனாயின், பையைத் திறந்த பின் இவ்வளவு நேரம் தாமதித்தல் தீங்காகும். மூடிய பையில் மீன் விட்ட மூச்சினாற் காபனீரொட்சைட்டு சேர்ந்து நீரின் பி.எச். குறைந்திருக்கும். அதனால் அங்கே சேர்ந்த அமோனியா பெரும்பாலும் தீங்கு குறைந்த வடிவில் இருக்கும். பையைத் திறந்தவுடன் காபனீரொட்சைட்டு வெளியேறும், பி.எச். உயரும், அடங்கியிருந்த அமோனியா நஞ்சாகும். ஆகவே தூரத்து மீனுக்கு, வெப்பத்தை மூடிய பையிலேயே சமப்படுத்தி, திறந்தபின் இரண்டு மூன்று கோப்பை தொட்டி நீர் சேர்த்து, பத்து நிமிடத்துள் வலையால் மாற்றிவிடுதல் நன்று. மெதுவாகப் பழக்க வேண்டும் என்ற விதியை இங்கே பிடிவாதமாகக் கைக்கொள்வோர் நல்லெண்ணத்தோடே மீனைக் கொல்கின்றனர்.

எவ்வாறாயினும் பையின் நீரைத் தொட்டியில் ஊற்றலாகாது. அதில் அமோனியாவும் கடைத் தொட்டியின் நோய்க் கிருமிகளும் இருக்கும்.

முதல் மூன்று கிழமை

முதல் நாள் உணவு வேண்டியதில்லை. மீன் பல நாள் பட்டினி கிடந்தும் வாழும்; அழுகிய உணவின் நடுவே ஒரு நாளும் வாழ அரிது. மறுநாள், இரண்டு மூன்று நிமிடத்துள் உண்டு முடிக்கும் அளவு மாத்திரம் கொடுக்கவும். வீட்டில் பிள்ளைகள் பலர் இருப்பின் உணவிடும் பொறுப்பை ஒருவருக்கே கொடுப்பது நன்று. ஒவ்வொருவரும் ஒரு சிட்டிகை இடும் தொட்டியே விரைவிற் கெடுகின்றது.

முன்பே மீன் உள்ள வீட்டிற் புதிய மீனை நேரே அவற்றோடு சேர்க்கலாகாது. மூடியுள்ள பெரிய வாளியோ பிளாத்திக்குத் தொட்டியோ ஒன்றில் இரண்டு முதல் மூன்று கிழமை வரை வேறாக வைத்துப் பார்த்தல் வேண்டும். வலையும் வாளியும் அதற்கெனத் தனியே இருக்கட்டும். இந்த ஒரு வழக்கத்தைக் கைக்கொள்ளாமையால் முழுத் தொட்டியையும் இழந்தோர் பலர். வெண்புள்ளி நோயின் ஒட்டுண்ணி மீனின் தோலுக்குள்ளே இருக்கும்போது மருந்து அதனைத் தீண்டாது. முதிர்ந்து கழன்று, அடியில் விழுந்து பல்கி, மறுபடி மீனைத் தேடி நீந்தும் வேளையிலேதான் அது அழியும். நம் நாட்டு வெப்பத்தில் இச்சுற்று ஏறத்தாழ ஒரு கிழமையில் முடியும். ஆகையாற் புள்ளி மறைந்த அன்றே மருத்துவத்தை நிறுத்துவோர் ஏமாறுவர். குட்டியீனும் மீன்களுக்கு ஒரு லீற்றர் நீருக்கு 2 முதல் 3 கிராம் வரை சாதாரண உப்பை, இரண்டு நாளிற் பகுதி பகுதியாகக் கரைத்துச் சேர்த்து, பத்து முதல் பதினான்கு நாள் வரை அச்செறிவிலேயே வைத்திருத்தல் பயன் தரும். நீரை மாற்றும்போது, மாற்றிய நீரின் அளவுக்கு மாத்திரம் உப்பைச் சேர்க்கவும். கெளிற்று வகை மீன்கள் இவ்வளவு உப்பைத் தாங்கா.

தொட்டியின் அடியில் தங்கும் கழிவைச் சிறு இறப்பர்க் குழாயால் உறிஞ்சி எடுக்கலாம். அந்நீரில் நைதரசன் உண்டு. கீரைப் பாத்திக்கு நல்ல உரம். ஆனால் உப்பிட்ட நீரைப் போஞ்சிப் பாத்தியில் ஊற்றினால் பயிர் கருகும்.

மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடுவது காற்றுக் குறைவையோ அமோனியாவையோ காட்டும். உணவை நிறுத்தி, ஆயத்தமாக வைத்த நீரால் மூன்றிலொரு பங்கை உடனே மாற்றவும். ஆயத்த நீர் ஒரு பீப்பாவில் எந்நேரமும் இருத்தல் வேண்டும் என்பது இதற்காகவே. அப்பீப்பாவை நுளம்பு புகாதவாறு வலையால் மூடிவைத்தல் கட்டாயம். நுளம்பு பெருக இடமளித்தல் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி குற்றம். மீனுக்கு இரையாகக் குடம்பி வளர்க்கின்றோம் என்பது அதற்கு விடையாகாது.

தோட்டத்து மருந்தும் மீனும்

மரக்கறிச் செய்கையாளர் வீட்டு மீனுக்குப் பட்டணத்து மீனுக்கு இல்லாத ஆபத்து ஒன்று உண்டு. கத்தரி, மிளகாய், போஞ்சி ஆகியவற்றுக்குத் தெளிக்கும் பைரித்திரொயிட்டு வகைப் பூச்சிகொல்லிகள் மனிதருக்கும் கால்நடைக்கும் ஒப்பளவில் நச்சுக் குறைந்தவை. மீனுக்கோ அவை மிகக் கொடியவை. ஆயிரம் லீற்றர் நீரிற் சில மில்லிகிராம் கலந்தாலே மென்மையான மீனினங்கள் இறக்கும். செம்பு கலந்த பங்கசுகொல்லிகளும் மீனுக்கும் நத்தைக்கும் ஆகா. மருந்து தெளித்துவிட்டு வந்து, கையைக் கழுவாமல் தொட்டியில் விட்ட ஒரே காரணத்தால் எல்லா மீனும் இறத்தல் கூடும். மருந்து கலந்த வாளியை எத்தனை முறை கழுவினாலும் மீன் வேலைக்குப் பயன்படுத்தலாகாது. மீனுக்கென ஒரு வாளியை வாங்கி, நிறத்தால் வேறுபடுத்தி, உயரத்தில் மாட்டிவைத்தல் நல்ல முறை. தெளிகருவியைக் கிணற்றடியிற் கழுவுவது மீனுக்கு மாத்திரமன்றிக் குடும்பத்துக்கும் கேடு.

சீமெந்துத் தொட்டி தோட்டத்தை அடுத்திருப்பின், தெளிக்கும் நாளிற் காற்றுத் திசையைப் பார்த்துத் தொட்டியைப் பொலித்தீன் விரிப்பால் மூடிவைத்தல் வேண்டும். வீட்டினுள்ளே கொளுத்தும் நுளம்புச் சுருளிலும் பெரும்பாலும் இதே வகை மருந்தே இருக்கின்றது. தொட்டிக்குக் காற்றுச் செலுத்தும் சிறு பம்பி அறையின் காற்றையே உறிஞ்சி நீருக்குள் விடுகின்றது. சுருளைத் தொட்டி உள்ள அறையிற் கொளுத்தாதிருப்பதே வழி.

வேண்டாத மீனை ஆற்றில் விடலாகாது

கப்பி ஏறத்தாழ நான்கு கிழமைக்கொருமுறை குட்டியீனும். பழகி நிலைத்த தொட்டியில் ஆறு மாதத்தில் மீன் மிகுந்துவிடும். அப்போது மிகுதியை வாய்க்காலில் விட்டுவிடலாம் என்று சிலர் எண்ணுவர். மாத்தளை மாவட்டத்தில் இது சிறிய காரியமன்று. 1976இற் பொல்கொல்லையில் மகாவலி திசைதிருப்பப்பட்ட நாள் முதல், அந்நீர் சுரங்க வழியாக உக்குவளை மின்நிலையத்தை அடைந்து சுது கங்கையில் விழுகின்றது. சுது கங்கை அம்பன் கங்கையோடு கலந்து போவத்தன்ன நீர்த்தேக்கத்தை அடைகின்றது. அங்கிருந்து ஒரு கிளை கலாவெவ பக்கம் செல்கின்றது. ஆற்றின் வழியே கீழே சென்ற நீர் எலஹெரவில் திரும்பி மின்னேரியாவையும் அதற்கப்பாலுள்ள குளங்களையும் அடைகின்றது. உக்குவளையில் விட்ட மீனின் வழித்தோன்றல் பொலன்னறுவைக் குளத்திற் பிடிபடுவதற்கு வழி திறந்தேயிருக்கின்றது.

தொட்டிக் கண்ணாடியிற் படியும் பாசியைத் தின்னும் என்று விற்கப்படும் உறிஞ்சுவாய்க் கெளிறு இவ்வாறே தொட்டிகளிலிருந்து தப்பி, உள்நாட்டு நீர்த்தேக்கங்கள் பலவற்றிற் பெருகிவிட்டது. அதன் முள் மீனவரின் வலையைக் கிழிக்கின்றது. பிடிபட்டாலும் விலை போவதில்லை. 1952இல் இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா குளத்து மீனவருக்குப் பிழைப்பளித்தது உண்மையே; ஆயினும் வெளிநாட்டு மீனெல்லாம் சட்டிக்கு உதவும் என்று கொள்ளலாகாது. 1939இற் கொழும்புக்குக் கொண்டுவரப்பட்ட சல்வீனியாப் பாசி தப்பிப் பரவி வயல்களையும் குளங்களையும் மூடிய கதை நெற்செய்கையாளருக்குத் தெரியாததன்று. தொட்டிக்கு வாங்கும் நீர்த்தாவரமும் இவ்வகைப்படலாம்.

மேலும், 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற நக்கிள்ஸ் மலைத்தொடரின் ஓடைகளில், உலகில் வேறெங்குமில்லாத மீனினங்கள் வாழ்கின்றன. அம்பன் கங்கையின் கிளைகளுக்கே உரிய தும்பறைக் கெண்டை அவற்றுள் ஒன்று. 1991இலேயே அது தனி இனமென விவரிக்கப்பட்டது. சிங்களத்தில் அதனைத் தும்பர பெத்தியா என்பர். புதிய மீனோடு வரும் நோயை அறியாத இத்தகைய மீனினங்கள், ஒரு வீட்டுத் தொட்டியின் மிகுதியால் அழிந்துபோக இடமுண்டு. அழகாயிருக்கின்றதென்று அவற்றைப் பிடித்துவந்து தொட்டியில் வைப்பதும் அதே அளவு தீது. ஓடும் குளிர்நீரில் வாழ்ந்தது நிற்கும் நீரில் நிலைப்பதில்லை.

மிகுதியான மீனைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கலாம். அயலிலுள்ள தொட்டிக்காரருக்கு வழங்கலாம். விற்பனைக்காகப் பெருக்க எண்ணுவோர் முதலில் வாங்குவோரைத் தேடி, எந்த நிறத்துக்கு விலையுண்டு என்று கேட்டறிந்து, அதன்பின் தொட்டி கட்டுவதே முறை. இத்துறையிற் பயிற்சி விரும்புவோர், தேசிய நீர் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையின் விரிவாக்க உத்தியோகத்தரை அணுகலாம். அச்சபை குருநாகல் மாவட்டத்து ரம்பொடகல்லையில் அலங்கார மீனுக்கென ஒரு நிலையத்தை அமைத்துள்ளது. இறந்த மீனைக் குழி வெட்டிப் புதைக்கவும். மீன் வந்த பையின் நீரையும், வேறாக வைத்த வாளியின் உப்பிடாத நீரையும் வாய்க்காலில் ஊற்றாது, வாய்க்காலுக்குத் தொலைவிலுள்ள வாழையடியில் ஊற்றிவிடவும்.